மூணே நாள்ல இறங்கின எண்கள்: ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்களின் கதை

உங்க பாத்ரூம் அலமாரியில எத்தனை பாட்டில் இருக்கு? ஷாம்பு, ஃபேஸ் வாஷ், லோஷன், டியோடரன்ட், சன்ஸ்கிரீன்… எண்ணிப் பாருங்க. இன்னைக்குக் கதையில இந்த பாட்டில்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆனா கதை ஆரம்பிக்கிற இடம், 1930கள்ல லண்டன்ல ஒரு ஆய்வகம்.

எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ்னு ஒரு விஞ்ஞானி. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மருந்தாக் கொடுக்கணும்னா, அதை மலிவா, செயற்கையாச் செய்ய முடியணும். அதுக்காக ஒவ்வொரு ரசாயனமா எலிகள்ல சோதிச்சுப் பார்த்தார். பிஸ்ஃபீனால் ஏ, சுருக்கமா பிபிஏ, லேசா ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யுதுன்னு 1936ல எழுதினார். 1938ல அதைவிடப் பல மடங்கு வீரியமான டிஇஎஸ் கிடைச்சது. மருந்து உலகம் பிபிஏவை மறந்துடுச்சு.

டிஇஎஸ் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1971ல பாஸ்டன் மருத்துவர்கள் ஒரு அதிர்ச்சியான தொடர்பைக் கண்டுபிடிச்சாங்க. கருவில இருந்தப்போ டிஇஎஸ்ஸுக்கு ஆளான மகள்கள்ல சிலருக்கு, இளம் வயசுலயே, ரொம்ப அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்திருந்தது. கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்காதீங்கன்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதே வருஷம் எச்சரிச்சது.

பிபிஏவுக்கோ வேற வேலை கிடைச்சிருந்தது. 1950கள்ல அதை வச்சு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் செஞ்சாங்க. கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும், கீழே விழுந்தா உடையாது. பால் புட்டி வரைக்கும் வந்துடுச்சு. உணவு டின்களோட உள்பூச்சுலயும் பிபிஏ சேர்ந்துச்சு. அது ஹார்மோன் மாதிரி நடிக்கும்னு டாட்ஸ் எழுதினது, பழைய பத்திரிகைப் பக்கங்கள்லயே தங்கிப்போச்சு.

'நடிக்கும்'னா என்ன அர்த்தம்? ஹார்மோனை ஒரு சாவின்னு வச்சுக்கங்க. செல்லுல இருக்கிற ஏற்பிதான் பூட்டு. சரியான சாவி விழுந்தா, 'வளர்', 'பிரி', 'நிறுத்து'ன்னு செல்லுக்கு உத்தரவு போகும். சில ரசாயனங்கள் கள்ளச்சாவி மாதிரி அந்தப் பூட்டுக்குள்ள நுழையும். சிலது சாவித்துளையையே அடைச்சுக்கும். ஹார்மோன் ரொம்பக் கொஞ்ச அளவுலயே வேலை செய்யும்ங்கிறதால, சின்ன அளவு ரசாயனத்தையும் ஆராய்ச்சியாளர்கள் கவனிக்கிறாங்க.

இந்தக் கள்ளச்சாவிகளை ஆய்வகங்கள் தற்செயலாத்தான் பிடிச்சது. 1980களோட கடைசியில, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்துட்டிருந்தாங்க. ஈஸ்ட்ரோஜன் இருந்தாத்தான் பெருகுற செல்கள் அவை. ஆனா ஈஸ்ட்ரோஜனே போடாத டியூப்லயும் பெருக ஆரம்பிச்சது! தேடித் தேடிப் பார்த்தா, பிளாஸ்டிக் டியூப்ல இருந்து ஏதோ கசியுது. என்ன கலந்திருக்கீங்கன்னு கேட்டதுக்கு, தொழில் ரகசியம்னு உற்பத்தியாளர் சொல்ல மறுத்துட்டாங்க. கடைசியில இவங்களே பிரிச்செடுத்தாங்க: நோனைல்ஃபீனால். 1991ல அதை வெளியிட்டாங்க.

அடுத்தது 1998, கிளீவ்லாண்ட் நகரம். பாட்ரிஷியா ஹண்ட்டோட ஆய்வகத்துல, எந்தச் சோதனைக்கும் ஆளாகாத பெண் எலிகளோட கருமுட்டையில குரோமோசோம் கோளாறு திடீர்னு 40 சதவீதமா எகிறுச்சு. வழக்கமா அது 1, 2 சதவீதம்தான். காரணம் என்ன தெரியுமா? கூண்டையும் தண்ணி பாட்டிலையும் தவறுதலா வேற சோப்புல கழுவிட்டாங்க. பாலிகார்பனேட் அரிச்சு, பிபிஏ கசிஞ்சிருக்கு. எலிக்கு இப்படின்னா, நம்ம உடம்புல எவ்வளவு இருக்கு?

பதில் சிறுநீர்ல இருந்தது. 2003-04ல 6 வயசுக்கு மேற்பட்ட 2,517 அமெரிக்கர்களோட சிறுநீரை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் பரிசோதிச்சது. கிட்டத்தட்ட 93 சதவீதம் பேர்கிட்ட பிபிஏ இருந்தது. இதுல ஒரு நல்ல செய்தியும் ஒளிஞ்சிருக்கு. டிடிடி மாதிரி கொழுப்புல வருஷக்கணக்கா தங்குற சரக்கு இல்ல இது. பிபிஏ, தாலேட், பாரபென் எல்லாம் சில மணி நேரத்துல இருந்து ஓரிரு நாள்ல வெளியே போயிடும். எப்பவும் உடம்புல இருக்குன்னா, தினமும் புதுசா உள்ளே போகுதுன்னு அர்த்தம். அப்போ குழாயை மூடினா?

2011ல சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில 5 குடும்பங்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. மூணு நாள் டின் உணவோ பிளாஸ்டிக் பொட்டலமோ இல்லாத ஃப்ரெஷ் சாப்பாடு. சிறுநீர்ல பிபிஏ சராசரியா 66 சதவீதம் குறைஞ்சது.

இப்போ பாட்டில்களுக்கு வருவோம். கலிஃபோர்னியாவுல சலினாஸ்னு ஒரு விவசாய ஊர். கீரையும் ஸ்ட்ராபெர்ரியும் விளையுற பள்ளத்தாக்கு. லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய. பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அங்க ஹெர்மோசான்னு ஒரு ஆய்வு நடத்தினாங்க. ஸ்பானிஷ்ல 'அழகானவள்'னு பொருள். 14 முதல் 18 வயசு வரை 100 பெண்கள். ஆய்வைத் திட்டமிட உதவினது, ஆளைச் சேர்த்தது, தகவல் சேகரிச்சது, இதுல எல்லாம் அந்த ஊர் இளைஞர்களே கூட நின்னாங்க.

முறை ரொம்ப எளிமை. முதல்ல ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. அப்புறம் மூணு நாள், தாலேட், பாரபென், டிரைக்ளோசான், ஆக்ஸிபென்சோன் இல்லைன்னு லேபிள்ல போட்ட பொருட்களை மட்டும் பயன்படுத்தணும். பிறகு மறுபடி பரிசோதனை. 2016ல முடிவு வெளியாச்சு. மெத்தில், புரோப்பில் பாரபென் சுமார் 45 சதவீதம் குறைஞ்சது. டிரைக்ளோசானும் ஆக்ஸிபென்சோனும் 36 சதவீதம். வாசனைப் பொருட்கள்ல வர்ற ஒரு தாலேட்டோட தடயம் 27 சதவீதம்.

'வாசனைப் பொருள்ல ரசாயனம் இருக்கு'ன்னு சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவோம். நம்ம உடம்போட எண்ணே மூணு நாள்ல இறங்குறதைப் பார்த்தா, அது வேற பாடம். பரிசோதனையும் கல்வியும் சேர்ந்த இடம் அது.

ஆனா மிகைப்படுத்த வேண்டாம். இது அளவு குறைஞ்சதைக் காட்டுது. நோய் குறைஞ்சதா இந்த ஆய்வு பார்க்கல. இன்னொரு விஷயம்: எத்தில், பியூட்டில் பாரபென் அளவு லேசா ஏறியிருந்தது. 'இல்லை'ன்னு லேபிள் போட்ட பொருளைப் பயன்படுத்தியும்!

லேபிளை மட்டும் நம்ப முடியாதுன்னு ஹண்ட்டுக்கும் தெரியவந்தது. 2012ல அமெரிக்கா பால் புட்டியில பிபிஏவைத் தடை செஞ்சது. சந்தையில 'பிபிஏ ஃப்ரீ' வந்துச்சு. பல இடத்துல அதுக்குப் பதிலா உட்கார்ந்தது அதோட உறவுக்காரர் பிபிஎஸ். 2018ல ஹண்ட்டோட எலிகள்ல மறுபடியும் கோளாறு. இந்தத் தடவை, சேதமான மாற்று பிளாஸ்டிக் கூண்டுகள்ல இருந்து கசிஞ்சதுல பிபிஎஸ் இருந்தது.

நீங்க என்ன செய்யலாம்? சூடான சாப்பாட்டை பிளாஸ்டிக்ல போடாதீங்க. முடிஞ்ச வரை ஃப்ரெஷ்ஷா சாப்பிடுங்க. அலமாரியில உண்மையிலேயே தேவையில்லாத பாட்டிலைக் குறைங்க. 'ஃப்ராக்ரன்ஸ்'ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ள பல ரசாயனம் ஒளிஞ்சிருக்கலாம்னு ஞாபகம் வச்சுக்கங்க.

அதோட, சட்டத்தையும் கேளுங்க. 2020ல கலிஃபோர்னியா, அழகுசாதனங்கள்ல 24 ரசாயனங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது. சில தாலேட்டும் பாரபெனும் அதுல உண்டு. 2025 ஜனவரியில அமலுக்கு வந்தது. சலினாஸ் பெண்கள் மூணு நாள் லேபிள் பார்த்துப் பார்த்துச் செஞ்சதை, கடைக்குப் போற யாரும் யோசிக்காமலே செய்ய முடியணும். தனி ஆளோட கவனம் மூணு நாள் தாங்கும். முப்பது வருஷம் தாங்காது.