வாய்மொழி உயிலும் செல்போன் உயிலும்

"பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீடு யாருக்கு என்று செல்போனில் பேசிப் பதிந்து வைத்தால் போதாதா?" என்று நம் ஊர் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். போதாது. ஆனால் நூறு வருஷத்துக்கு முன் இதே விருத்தாசலத்தில் வாயால் சொன்னாலே செல்லும்.

1870-ல் வந்த இந்து உயில்கள் சட்டம், நம் மாகாணத்தில் சென்னைப் பட்டணத்தோடு நின்றது. எழுத்தும் இரண்டு சாட்சிகளும் அங்கேதான் கட்டாயம். தென்னாற்காடு போன்ற மொபசல் ஜில்லாக்களில், ஓர் இந்து நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால், நிரூபிக்க முடிந்தால் அதுவும் உயில்தான். கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னால்? சிக்கல் அங்கேதான். 1-1-1927 முதல் எல்லா இந்து உயில்களுக்கும் எழுத்து கட்டாயமாயிற்று. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு இன்றும் அதையே சொல்கிறது. போர்முனைச் சிப்பாய்க்கும் கடலில் இருக்கும் மாலுமிக்கும் விலக்கு உண்டு. இஸ்லாமியருக்குத் தனிச் சட்டம். அதில் வாய்மொழியும் செல்லும்.

2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தை எழுத்துக்குச் சமமாக்கியது. ஆனால் உயிலை விலக்கி வைத்தது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதன் 970-வது பிரிவுப்படி, முழுவதையும் தன் கையாலேயே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் சாட்சியே வேண்டாம். டைப் அடித்தால் செல்லாது. நம்மிடம் டைப் அடிக்கலாம், சாட்சி வேண்டும். வீடியோவை இரண்டுமே உயிலாக ஏற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013-ல் ஒரு டி.வி.டி. பதிவைக் கோர்ட் உயிலாக ஏற்றது.

ஏன் இத்தனை கெடுபிடி? எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியாத பத்திரம் உயில். சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை இருந்தால், உயிலைக் காட்டுபவரே அதை நீக்க வேண்டும் என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1958-லேயே சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடும்போது எடுத்த வீடியோ அதற்குத்தான் உதவும்: தெளிந்த மனதோடு, யாரும் வற்புறுத்தாமல் போட்டார் என்று காட்டும். உயிலுக்குத் துணை, உயிலுக்குப் பதில் அல்ல.

ஆகவே வெள்ளைத்தாளில் எழுதுங்கள், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. செராமிக் பேட்டையில் மண்ணோடு உழைத்துக் கை நடுங்குகிறவருக்குப் பெருவிரல் ரேகை போதும். சாட்சிகள் இருவரும் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து, உங்கள் முன்னாலேயே கையெழுத்திட வேண்டும். நம்மைவிட இளையவர்களாகப் பார்த்து அழையுங்கள். அவர்களில் ஒருவராவது ஒருநாள் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும்.