அறுநூறு டாலரும் அடைபட்ட வாசல்களும்: பெருந்தொற்றுக் கால அமெரிக்க வேலையின்மைக் காப்பீடு குறித்து

2020 மார்ச் 28இல் முடிந்த ஒரே வாரத்தில் அமெரிக்காவில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்மைக் காப்பீட்டுக்குப் புதிதாக விண்ணப்பித்தனர். பெருந்தொற்றுக்கு முன்பு ஒரு வாரத்தில் பதிவான உச்சம் 6,95,000. அது 1982 அக்டோபரில். ஏப்ரலில் வேலையின்மை விகிதம் 14.7 சதவீதமாயிற்று. இந்தச் சரிவுக்கு நடுவே, மார்ச் 27இல் கையெழுத்தான கேர்ஸ் சட்டம் மூன்று ஏற்பாடுகளைச் செய்தது. மாநிலம் தரும் தொகையோடு வாரத்துக்கு 600 டாலர் கூட்டிக் கொடுத்தது. மாநிலத்தின் காலவரம்பு முடிந்தவர்களுக்கு மேலும் 13 வாரம் நீட்டித்தது. வழக்கமான காப்பீட்டில் இடமே இல்லாத சுயதொழிலர்களையும் வாடகைக் கார் செயலிகளின் ஓட்டுநர்களையும் தனித் திட்டம் ஒன்றில் சேர்த்தது.

அன்று தொடங்கிய விவாதம் முதல் ஏற்பாட்டை விட்டு நகரவேயில்லை. 600 டாலர் மிகையா, அது மக்களைச் சோம்பேறிகளாக்குமா என்பதே கேள்வியாக நின்றது. அந்த அச்சத்துக்குச் சான்று மிகக் குறைவு என்பதும், திட்டத்தின் பெருங்குறை தொகையில் இல்லை, அதை வழங்கிய நிர்வாகத்தில் இருந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம். 600 என்ற எண்ணே அந்த நிர்வாகக் குறையின் பிள்ளைதான்.

அன்றைய சராசரி வாரக் கூலி 970 டாலரை ஒட்டியது. சராசரி காப்பீட்டுத் தொகை ஏறத்தாழ 370 டாலர். இடைவெளி 600. ஒவ்வொருவருக்கும் அவரவர் கூலிக்கு ஏற்பக் கணக்கிட்டிருந்தால் இந்த ஒரே எண் தேவைப்பட்டிருக்காது. ஆனால் மாநிலங்களின் பழைய கணினிகளால் அப்படிக் கணக்கிட முடியாது, முயன்றால் பல மாதங்கள் ஆகும் என்று சட்டமியற்றியவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆகவே அனைவருக்கும் ஒரே தொகை. குறைந்த கூலி வாங்கியவர்களுக்கு அது கூலியையும் மிஞ்சியது. கனோங், நோயல், வாவ்ரா ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2020 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, தகுதி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முந்தைய கூலியைவிடக் கூடுதலாகவே கிடைக்கக்கூடும். உதவியைக் கூலி அளவோடு நிறுத்த வேண்டும் என்று செனட்டில் வந்த திருத்தம் 48–48 என்று தோற்றது.

உணவகத்தில் தட்டு கழுவியவருக்கு வீட்டிலிருக்கும்போது கூடுதல் பணம் வந்தது உண்மை. ஆனால் அந்த வாரங்களில் அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதே அரசின் விருப்பம். உணவகமும் பூட்டிக் கிடந்தது. அவரைச் சோம்பேறி என்பது நியாயமற்ற பழி.

சோம்பல் வாதத்தைச் சோதித்துப் பார்க்க 2021 கோடையில் ஒரு வாய்ப்பும் கிட்டியது. அப்போது கூடுதல் தொகை 300 டாலராகச் சுருங்கியிருந்தது. ஆள் பற்றாக்குறை என்று காரணம் காட்டி, ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் திட்டம் முடியவிருந்த செப்டம்பர் வரை காத்திராமல் ஜூன், ஜூலையிலேயே அதை நிறுத்தின, மற்றவை தொடர்ந்தன. கைல் கூம்ஸ், அரிந்திரஜித் துபே உள்ளிட்டோர் வங்கிக் கணக்குத் தரவுகளைக் கொண்டு இரு தரப்பையும் ஒப்பிட்டனர். உதவியை இழந்த எட்டுப் பேரில் ஏறக்குறைய ஒருவரே அதன் விளைவாக வேலைக்குப் போயிருந்தார். சராசரியாக வாரம் 278 டாலர் உதவி போயிற்று. சம்பாத்தியம் கூடியது 14 டாலர். வீட்டுச் செலவில் 145 டாலர் குறைந்தது. உதவித்தொகைக்கும் வேலை தேடும் முனைப்புக்கும் தொடர்பே இல்லை என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. தொடர்பு உண்டு, ஆனால் சிறிது. அந்தச் சிறிதுக்காக மீதி ஏழு பேரின் அடுப்பை அணைத்ததை எந்தப் பொருளியலாலும் நியாயப்படுத்த முடியாது.

வழங்கிய விதத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீடு ஒரே அமைப்பு அன்று. மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளுமாக 53 தனித்தனி அமைப்புகள். 2020இன் தொடக்கத்தில் உச்ச வாரத்தொகை மாசசூசெட்ஸில் 823 டாலர், மிசிசிப்பியில் 235. புளோரிடாவில் 275 டாலர், அதுவும் 12 வாரமே. 2013இல் தொடங்கிய புளோரிடாவின் இணையதளம் 2020 ஏப்ரலில் விண்ணப்பங்களின் சுமை தாங்காமல் முடங்கியது. மயாமியை அடுத்த ஹையலீயா நகரில் காகித விண்ணப்பம் வாங்க மக்கள் நூலக வாசலில் திரண்டனர். நோய்த்தொற்றுக்கு அஞ்சி வேலையை நிறுத்திய நாட்டில், அந்த வேலையிழப்புக்கான படிவத்துக்காகவே கூட்டம் கூடியது. நியூ ஜெர்சியின் அன்றைய ஆளுநர் பில் மர்ஃபியோ, 1959இல் உருவான கோபால் (COBOL) கணினிமொழி தெரிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்.

சிறு விதிகளும் பலரை வெளியே தள்ளின. கேர்ஸ் சட்டத்தில் 600 டாலருக்கான கடைசி நாள் ஜூலை 31, வெள்ளிக்கிழமை. காப்பீட்டு வாரமோ பெரும்பாலான மாநிலங்களில் சனிக்கிழமையில் முடியும். ஆகவே உதவி ஜூலை 25உடன் நின்றது. சம்பளம் கொஞ்சமும் சுயதொழில் வருமானம் அதிகமுமாகப் பிழைத்த இசைக்கலைஞர் போன்றோர், அந்தச் சிறு சம்பளத்தின் பேரில் வழக்கமான காப்பீட்டுக்குள் தள்ளப்பட்டு அற்பத் தொகை பெற்றனர். சுயதொழிலருக்கான திட்டம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. டிசம்பரில்தான் அவர்களுக்கென்று வாரம் 100 டாலர் சேர்க்கப்பட்டது.

மோசடியை மறைப்பதற்கில்லை. 100 முதல் 135 பில்லியன் டாலர் வரை மோசடியாகப் போயிருக்கலாம் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2023இல் மதிப்பிட்டது. வயிறு எரியும் தொகை. ஆனால் சுயதொழில் வருமானத்தைச் சரிபார்க்கும் தரவு மாநிலங்களிடம் இல்லாததால், தொடக்கத்தில் விண்ணப்பதாரரின் சொல்லையே நம்ப வேண்டியிருந்தது. உரியவரைக் காக்க வைத்த அதே ஓட்டை அமைப்புதான் திருடனை உள்ளே விட்டது.

இந்த நலிவுக்கு நிதிமுறையே வேர். மத்திய வேலையின்மை வரி ஒரு தொழிலாளியின் ஆண்டுக் கூலியில் முதல் 7,000 டாலருக்கு மட்டுமே. 1983 முதல் அந்த வரம்பு மாறவில்லை. பணியாட்கள் உதவி பெறப் பெற முதலாளியின் மாநில வரி விகிதம் கூடுவதால், விண்ணப்பத்தை எதிர்ப்பது அவருக்கு லாபம். பல மாநிலங்களுக்கும் நிதியத்தைக் காக்க எளிய வழி, விண்ணப்பிப்பதைக் கடினமாக்குவதே.

இத்தனை தடைகளையும் மீறிப் பணம் போய்ச் சேர்ந்த இடங்களில் பலன் பெரிது. அரசு உதவிகளையும் கணக்கில் கொள்ளும் துணை வறுமை அளவீட்டின்படி 2019இல் 11.8 சதவீதமாக இருந்த வறுமை, பொருளாதாரம் சரிந்த 2020இல் 9.1 ஆகக் குறைந்தது. வேலையின்மைக் காப்பீடு மட்டும் 55 லட்சம் பேரை வறுமைக் கோட்டுக்கு மேல் நிறுத்தியது.

இந்தியாவிலும் அதே ஆண்டில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் அடல் பீமித் திட்டத்தில் வேலையிழந்தோர் உதவி கூலியில் 25 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்ந்தது. அதனினும் முக்கியமாக நான் கருதுவது வேறு: காத்திருப்பு 90 நாளிலிருந்து 30 ஆனது, பழைய முதலாளியின் வழியாகப் போகாமல் தொழிலாளியே கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம் என்றானது. ஆனாலும் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் காப்பீட்டாளர்களுக்கே அந்த வாசல். கட்டடத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் நின்றனர்.

அமெரிக்காவில் எஞ்சியிருந்த 300 டாலரும் சுயதொழிலருக்கான திட்டமும் 2021 செப்டம்பர் 6இல் முடிந்தன. 7,000 டாலர் வரம்பு அப்படியே நின்றது. செயலி வழி வண்டி ஓட்டுபவருக்குப் பெரும்பாலான மாநிலங்களின் வேலையின்மைக் காப்பீட்டில் மறுபடியும் இடமில்லாமல் போயிற்று.