நடுவழியில் நின்றவர்: டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் வரலாறு

விஞ்ஞானிகளைப் போற்றும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. மாணவப் பருவத்தில் முதல் மதிப்பெண் பெற்றவனுக்குப் பதக்கம் அளிக்கிறோம். முதுமையில் ஓய்ந்திருப்பவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நீண்ட காலம் இருக்கிறது. முப்பத்தைந்து அகவைக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட அக்காலத்திலேதான் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் தம் வாழ்நாளின் முதன்மையான பணியைச் செய்கின்றனர். கற்றது முதிர்ந்திருக்கும், உடல் வலிமையும் குன்றாதிருக்கும். ஆயினும் அப்போது அவர்களை இளைஞர் என்று ஊக்குவிப்பாரும் இல்லை. மூத்தோர் என்று வணங்குவாரும் இல்லை.

பெண்களின் உடல்நலத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இக்குறை மேலும் மிகுதி. பிள்ளைப்பேறு, பேறின்மை, மாதவிடாய் ஆகியவை வீட்டுக்குள் மறைத்துப் பேசப்பட்டு வந்த செய்திகள். அவற்றை ஆராய்பவரும் ஓரளவு மறைவிலேயே இருக்க நேர்ந்தது. இதற்குச் சான்றாகக் கல்கத்தா நகரில் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சுபாஷ் முகர்ஜி 1931ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஹசாரிபாக் நகரில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் உடலியல் பயின்று, பின்னர் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1958இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அதனோடு நிறைவடையாமல் எடின்பரோ நகருக்குச் சென்று, இனப்பெருக்க இயக்குநீர்களைப் பற்றி ஆராய்ந்து, 1967இல் இரண்டாவது டாக்டர் பட்டமும் பெற்றார். இத்தகைய தகுதியுடையவர் அயல்நாட்டிலேயே தங்கியிருக்கலாம். அவரோ தாயகம் திரும்பி, அரசாங்க மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் பேறின்மை. பெண்ணின் கருமுட்டை சூலகத்திலிருந்து கருக்குழாய் வழியே கருப்பைக்கு வருகிறது. அக்குழாய் நோயினால் அடைபட்டுவிடுமாயின், முட்டையும் விந்தணுவும் சந்திக்க வழியில்லை. மற்ற உறுப்புகள் யாவும் செம்மையாக இருந்தும் அப்பெண் தாயாக இயலாது. இது வெறும் உடற்குறையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பிள்ளை இல்லாத பெண்ணை நம் சமூகம் எவ்வாறு நடத்தியது என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுப காரியங்களில் அவள் பின்வரிசையில் நிறுத்தப்பட்டாள். கணவனுக்கு மறுமணம் பேசப்பட்டது. குறை யாரிடத்தில் இருப்பினும் பழி அவள் மேலேயே விழுந்தது.

குழாய் அடைபட்டிருந்தால் அதைச் சுற்றிச் செல்ல ஒரு வழி உண்டா? முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவை மீண்டும் கருப்பையில் வைக்கலாமா? இக்கேள்வியை இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் உடலியல் அறிஞரும், பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மருத்துவரும், ஜீன் பர்டி என்னும் செவிலிப் பெண்மணியும் பல்லாண்டு ஆராய்ந்து வந்தனர். 1978 ஜூலை 25ஆம் நாள் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் என்னும் பெண் குழந்தை பிறந்தது. அதுவே உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை.

அதற்கு எழுபது நாட்களுக்குப் பின், 1978 அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் மற்றொரு பெண் குழந்தை பிறந்தது. கருக்குழாய் பழுதுற்ற தாய் ஒருத்திக்கு முகர்ஜியின் முறையால் பிறந்த குழந்தை அது. அது துர்கா பூசைக் காலமாதலின் குழந்தையைத் துர்கா என்று வழங்கினர். முகர்ஜிக்கு அப்போது அகவை நாற்பத்தேழு. அவருக்குத் துணை நின்றவர் இருவர்: குளிர்விக்கும் கலையில் வல்லவரான சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவரான சரோஜ் காந்தி பட்டாச்சார்யா.

இங்கு ஒரு நுட்பத்தை நேயர்கள் கருத வேண்டும். முகர்ஜி செய்தது இங்கிலாந்தில் செய்ததன் நகலன்று. எட்வர்ட்ஸ் குழுவினர், அத்தாயின் இயற்கையான மாதச் சுழற்சியில் விளைந்த ஒரே முட்டையை, வயிற்றில் துளையிட்டு உட்காட்டும் கருவியின் துணையால் எடுத்து, உருவான கருவைச் சில நாட்களுக்குள் கருப்பையில் வைத்தனர். முகர்ஜியோ இயக்குநீர் மருந்து கொடுத்துச் சூலகத்தைத் தூண்டி, ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை விளைவித்தார். வயிற்றைத் தொடாமல், யோனி வழியாகச் சிறு கீறல் இட்டு அவற்றை எடுத்தார். உருவான கருக்களை உடனே கருப்பையில் வைக்காமல் உறைகுளிரில் காத்து வைத்தார்.

ஏன் அவ்வாறு செய்தார்? சூலகத்தைத் தூண்டும் மருந்து கருப்பையின் உட்சுவரையும் மாற்றிவிடும். அந்நிலையில் கரு அங்கே வேர்கொள்வது அரிது. ஆகவே அம்மருந்தின் வேகம் தணிந்து, பின்னொரு மாதத்தில் கருப்பை இயல்புநிலை எய்திய பின்னர், உறைந்த கருவை இளக்கி உள்ளே வைத்தார். விதையைப் பத்திரப்படுத்தி, நிலம் பதமாகும் வரை காத்திருந்து விதைக்கும் உழவனின் செயலை ஒத்தது இது.

இவற்றுள் எதுவும் வீணான கற்பனை அன்று என்பதைப் பிற்கால வரலாறே காட்டியது. உறைந்த கருவினால் கருத்தரித்த செய்தியை ஆஸ்திரேலிய அறிஞர்கள் 1983இல் வெளியிட்டபோது உலகம் வியந்தது. முட்டைகளை மருந்தினால் பெருக்குதல், யோனி வழியே எடுத்தல், கருவை உறைய வைத்துப் பின்னர் இடுதல் ஆகிய மூன்றும் இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் அன்றாட முறைகளாகிவிட்டன. முட்டை எடுக்கும் பணிக்குக் கீறலுக்குப் பதிலாக ஊசியும் ஒலியலைக் கருவியும் துணை செய்கின்றன என்பதே வேறுபாடு.

இனி, அவருக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்ப்போம். குழந்தை பிறந்த அதே மாதத்தில் அவர் மாநில அரசின் சுகாதாரத் துறைக்கு அறிக்கை அளித்தார். உறைகுளிர் முறையைப் பற்றிய சுருக்கமான கட்டுரை ஒன்றும் இந்திய உறைகுளிரியல் இதழில் அவ்வாண்டே வெளிவந்தது. அரசாங்கம் நவம்பரில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. குழு அமைத்தது தவறன்று. புதிய கூற்று எழுந்தால் அதைச் சோதிப்பதே விஞ்ஞானத்தின் ஒழுக்கம். ஆனால் அக்குழுவின் தலைவர் ரேடியோ இயற்பியல் அறிஞர். உறுப்பினருள், கருவைக் கலத்தில் வளர்த்தும் உறைய வைத்தும் பழகியவர் ஒருவரும் இல்லை. அக்காலத்து இந்தியாவில் அத்தகையவர் கிடைப்பதும் எளிதன்று. அங்ஙனமாயின் நாட்டுக்கு வெளியே உள்ள வல்லுநரைக் கேட்டிருக்கலாம். அது செய்யப்படவில்லை. கூற்று நம்பத்தக்கதன்று என்று குழு முடிவு கூறியது.

முகர்ஜிக்கு ஒரு தர்மசங்கடமும் இருந்தது. குழந்தையையும் தாயையும் உலகின் முன் நிறுத்தியிருந்தால் ஐயம் ஓரளவு நீங்கியிருக்கும். ஆனால் அக்குடும்பம் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மறைவை விரும்பியது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவன் கடமை. எந்தச் சமூகத்தின் பழியிலிருந்து அப்பெண்ணை விடுவிக்க அவர் உழைத்தாரோ, அதே சமூகத்தின் அச்சம் அவருடைய சான்றை மறைத்துவிட்டது.

1979இல் ஜப்பான் நாட்டிலிருந்து, தம் ஆராய்ச்சியை விளக்குமாறு அவருக்கு அழைப்பு வந்தது. அங்கே சென்றிருந்தால், தம் துறை அறிந்தோர் முன் நின்று வினாக்களுக்கு விடை கூறியிருக்கலாம். பிழை இருந்தால் அவர்கள் காட்டியிருப்பர். உண்மை இருந்தால் பறைசாற்றியிருப்பர். அரசாங்கம் அனுமதி மறுத்தது. பின்னர் அவர் கல்கத்தாவை விட்டுப் பாங்குராவுக்கு மாற்றப்பட்டார். 1980இல் மாரடைப்பு நேர்ந்த பிறகு மீண்டும் கல்கத்தா வந்தார். 1981 ஜூன் மாதத்தில் கண் மருத்துவ நிலையம் ஒன்றில் அவரை நியமித்து ஆணை பிறந்தது. இனப்பெருக்க ஆராய்ச்சியில் இருமுறை டாக்டர் பட்டம் பெற்றவருக்குக் கண் மருத்துவ நிலையம்! அரசாங்க ஆணைகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். மாற்றல் ஆணையில் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளே இருக்கும். அவ்வரிகளில் கடுஞ்சொல் ஒன்றும் இராது. ஆயினும் ஒருவருடைய இருபதாண்டு உழைப்பை அவை துண்டித்துவிடக் கூடும்.

1981 ஜூன் 19ஆம் நாள் டாக்டர் முகர்ஜி தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது அகவை ஐம்பது.

அடுத்த ஆண்டிலேயே ரமாபத சௌதுரி என்னும் வங்க எழுத்தாளர் இவ்வரலாற்றைத் தழுவி ஒரு நாவல் எழுதினார். அதனடியாகத் தபன் சின்ஹா 1990இல் இந்தித் திரைப்படம் ஒன்றை எடுத்தார். ஆகக் கதாசிரியரும் கலைஞரும் அவரை மறக்கவில்லை. விஞ்ஞான உலகம் நினைவு கொள்ளத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

1986 ஆகஸ்டு 6ஆம் நாள் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்னும் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் டாக்டர் டி. சி. ஆனந்த குமாரும் இச்சாதனைக்கு உரியவர்கள். ஆவணங்கள் முறையாக இருந்தமையால் இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்று ஹர்ஷாவையே நாடு கொண்டாடியது. 1997இல் ஆனந்த குமார் கல்கத்தா சென்றபோது, சுபாஷ் முகர்ஜியின் கைக்குறிப்புகளைப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவற்றைத் துருவி ஆராய்ந்தார். உடன் உழைத்தவர்களையும் விசாரித்தார். துர்காவே முதற் குழந்தை என்ற முடிவுக்கு வந்தார். அம்முடிவைத் தம்முள் வைத்துக்கொள்ளாமல், அவ்வாண்டே ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

நேயர்களே, இச்செயலின் அருமையை எண்ணிப் பாருங்கள். முதல்வர் என்னும் பெயர் பதினோராண்டுகளாக அவர் குழுவுக்கு உரியதாக இருந்தது. அதைத் தட்டிக் கேட்பாரும் இல்லை. அவரே முன்வந்து, அப்பெயர் எனக்குரியதன்று, மறைந்த ஒருவருக்குரியது என்று அச்சில் ஏற்றினார். முகர்ஜியின் சோதனைகளை உரிய முறையில் மதிப்பிட வல்லவர் ஒருவர் 1978இல் இல்லை, 1997இல் இருந்தார். குழுவுக்கும் அவருக்கும் உள்ள வேற்றுமை அதுவே. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் முகர்ஜியின் பணியை ஏற்றுக்கொண்டது.

இங்கிலாந்தில் மட்டும் எல்லாம் நன்றாக நடந்ததோ எனில், அதுவும் இல்லை. எட்வர்ட்ஸ் குழுவினருக்கு 1971இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பொருளுதவி மறுத்தது. திருச்சபையினரும் விஞ்ஞானிகளுமாகப் பலர் அவர்களைக் கண்டித்தனர். ஆயினும் எட்வர்ட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அகற்றப்படவில்லை. கட்டுரை வெளியிடவும் கூட்டங்களில் பேசவும் அவரைத் தடுப்பார் இல்லை. தனியார் உதவியால் ஆராய்ச்சியும் தொடர்ந்தது. 2010இல் நோபல் பரிசு வந்தது. அப்போது அவருக்கு அகவை எண்பத்தைந்து. உடல் நலிவால் பரிசு பெற நேரில் செல்ல இயலவில்லை. ஸ்டெப்டோ 1988இலேயே மறைந்துவிட்டார். ஜீன் பர்டி 1985இல் தம் முப்பத்தொன்பதாம் அகவையில் மறைந்தார். ஓல்டாம் மருத்துவமனையில் பதித்த நினைவுப் பலகையில் பர்டியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று எட்வர்ட்ஸ் வற்புறுத்தியும் அது முதலில் சேர்க்கப்படவில்லை. அவர் பெயர் தாங்கிய பலகை 2015இல்தான் வந்தது.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். பரிசு தாமதமாவது வருத்தத்திற்குரியதே. ஆயினும் பரிசில்லாமலும் ஆராய்ச்சி நடைபெறும். ஆராய்ச்சியாளனுக்கு நடுவயதில் வேண்டுவன வேறு சில. பணி செய்ய ஓர் இடம். இடையில் பறிக்கப்படாத காலம். துறை அறிந்தோர் கேட்கும் வினாக்கள். அவற்றுக்கு விடை சொல்லச் செல்லும் உரிமை. இவை எட்வர்ட்ஸுக்கு இருந்தன. முகர்ஜிக்கு ஒவ்வொன்றாக அற்றுப்போயின.

நம் நாட்டில் இவ்வகைச் சிந்தனை இல்லாமல் இல்லை. 1957இல் ஏற்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு, நாற்பத்தைந்து அகவைக்கு மேற்படாத விஞ்ஞானிகளுக்கு என்றே வகுக்கப்பட்டது. உழைப்பு முடிந்த பிறகு அன்று, உழைத்துக்கொண்டிருக்கும்போதே போற்ற வேண்டும் என்னும் நல்ல நோக்கம் அதில் உண்டு. ஆனால் துர்கா பிறந்த நாளில் முகர்ஜி அவ்வெல்லையையும் இரண்டாண்டு கடந்திருந்தார். பெண்கள் நலத்தை ஆராய்வோர் பலர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்பவர்கள். பெண் ஆராய்ச்சியாளராயின் மகப்பேறும் இல்லறமும் சில ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும். இவர்களுடைய பணி முதிர்ச்சியடைவதற்குச் சற்றுக் காலம் கூடுதலாக ஆகும். ஆகவே அகவையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், பணியின் பருவத்தையும் நோக்குதல் வேண்டும்.

2018இல், லூயிஸ் பிரவுனுக்கு நாற்பது அகவை நிறைந்த ஆண்டில், இம்முறையால் உலகெங்கும் பிறந்தோர் தொகை எண்பது இலட்சத்தைக் கடந்துவிட்டதாக அத்துறை அறிஞர்கள் கணக்கிட்டனர். இந்தியாவில் இச்சிகிச்சையை ஒழுங்குபடுத்த 2021இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மறைவில் பேசப்பட்ட செய்தி சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. துர்காவும் வளர்ந்து ஆளாகி, தம் இருபத்தைந்தாம் பிறந்த நாளையொட்டித் தாம் இன்னார் என்பதை உலகறியச் சொன்னார். விசாரணைக் குழு கேட்ட சான்று அவ்வாறு தானே நடந்து வந்து நின்றது. அதைக் காண முகர்ஜிதான் இல்லை.

இன்றும் நம் மருத்துவக் கல்லூரிகளில், ஆய்வுக்கூடங்களில், நாற்பதைக் கடந்த எத்தனையோ பேர் பெண்களின் நோய்களைப் பற்றி அமைதியாக ஆராய்ந்துகொண்டிருப்பர். அவர்களுள் எவர் கூற்று நிலைக்கும், எவர் கூற்று பொய்க்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் ஆகாது. ஆனால் அவர்கள் சொல்வதை, சொல்லத் தக்க இடத்தில், கேட்கத் தக்கவர் முன் சொல்ல விடுவது நம்மால் ஆகும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை.