மூவர் அணியும் இரவல் நாடுகளும்: 'கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ்' கடந்து வந்த பாதை

இராமாயணக் கூத்து நடக்கும் களரியில் திடீரென அர்ச்சுனனும் வந்து இறங்கினால் எப்படியிருக்கும்? வீடியோ கேம் உலகில் அப்படியொரு காரியத்தை 1994 இல் யப்பானின் ஒசாகாவில் இருந்த எஸ்.என்.கே நிறுவனம் செய்தது. தன்னுடைய நான்கு வெவ்வேறு விளையாட்டுகளின் ஆட்களைப் பிடித்து, புதியவர்கள் சிலரையும் சேர்த்து, மூவர் மூவராக அணி பிரித்து ஒரே களத்தில் மோதவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 ஆம் திகதி வெளியான அந்த விளையாட்டின் பெயர் 'த கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ் 94'.

அதை உருவாக்கிய நிறுவனம் ஏழு ஆண்டுகளில் வங்குரோத்தானது. பிறகு உரிமை பல கைகள் மாறியது. விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. யார் அதைக் காப்பாற்றினார்கள், அவர்களுக்கு அதில் என்ன இடம் கிடைத்தது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

பிறந்த கதை

1987 இல் கெப்கொம் நிறுவனம் வெளியிட்ட முதலாவது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டை உருவாக்கியவர்கள் தக்காஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்சுமோட்டோவும். இருவரும் அதன்பின் எஸ்.என்.கேக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே 1991 இல் 'ஃபேட்டல் ஃபியூரி', அடுத்த ஆண்டு 'ஆர்ட் ஒஃப் ஃபைட்டிங்' என இரண்டு சண்டை விளையாட்டுகள் வெளியாகிப் பெயர் எடுத்தன.

இவற்றின் பாத்திரங்களை ஒன்றுசேர்க்கும் யோசனை ஆரம்பத்தில் சண்டைப் போட்டியாக இருக்கவில்லை. 'சர்வைவர்' என்ற பெயரில், பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே எதிரிகளை அடித்து முன்னேறும் விளையாட்டாகத்தான் அதைத் தொடங்கினார்கள். அது கைவிடப்பட்டது. ஆனாலும் அதிலிருந்த ஒரு யோசனை தப்பிப் பிழைத்தது: மூன்று பேர் கொண்ட அணி.

நிறுவனத்தின் பழைய விளையாட்டுகளான 'இக்காரி வொரியர்ஸ்', 'சைக்கோ சோல்ஜர்' ஆகியவற்றிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மொத்தம் 8 அணிகள், 24 பேர். ருகல் பேர்ன்ஸ்டைன் என்ற ஆயுத வியாபாரி போட்டிக்கு அழைப்பு விடுக்கிறான். தோற்றவர்களை உலோகச் சிலைகளாக்கித் தன் கப்பலில் அடுக்கி வைத்திருக்கிறான். கதை அவ்வளவுதான்.

ஒவ்வோர் அணிக்கும் ஒரு நாட்டின் பெயர். யப்பான், சீனா, கொரியா, அமெரிக்கா, மெக்சிக்கோ, பிறேசில், இங்கிலாந்து, இத்தாலி. இந்தப் பெயர்களை உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். 'மெக்சிக்கோ' அணியில் ஒரு மெக்சிக்கரும் இல்லை. அதில் இருந்தவர்கள் 'ஆர்ட் ஒஃப் ஃபைட்டிங்' விளையாட்டின் ரியோ சகசாக்கி, அவருடைய தகப்பனார் தக்குமா, இத்தாலியரான ரொபேர்ட் கார்சியா. 'பிறேசில்' அணி என்பது 'இக்காரி' விளையாட்டின் கூலிப்படையினர். நாடுகள் பின்னணித் திரைச்சீலைகள் மட்டுமே.

ஏன் மூவர்?

அக்காலச் சண்டை விளையாட்டுகளில் ஒருவருக்கு ஒருவர் மோதுவார்கள். மூன்று சுற்றில் இரண்டை வென்றால் ஆட்டம் முடிந்தது. இங்கே ஒருவர் விழுந்தால் அவருடைய அணியின் அடுத்த ஆள் வருவார். வென்றவர் அப்படியே நிற்பார். இழந்த பலத்தில் கொஞ்சம் மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆகவே ஒருவரை முதலில் அனுப்புவதா கடைசிவரை வைத்திருப்பதா என்ற கணக்கும் சண்டையின் ஒரு பகுதியானது. காத்திருக்கும் தோழர்கள் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மயங்கி நிற்கும்போதோ எதிரியின் பிடியில் மாட்டும்போதோ அவர்கள் பாய்ந்து வந்து உதவவும் கூடும். ஏற்கெனவே தோற்றுப் போனவரால் வர முடியாது.

1995 பதிப்பில் விரும்பியபடி அணியைக் கலந்து அமைக்கும் வசதி வந்தது. கியோ குசனாகிக்கு எதிரியாக இயோரி யகாமி வந்ததும் அப்போதுதான். யப்பானியத் தொன்மத்தின் ஒரோச்சி என்ற பாம்பரக்கனை வைத்துப் பின்னப்பட்ட அவர்களுடைய கதை 1997 பதிப்போடு முடிந்தது. 1998 பதிப்பில் கதையே இல்லை. இறந்துபோன பாத்திரங்களும் திரும்பி வந்து மோதும் கனவு ஆட்டம் அது. தொடரின் சிறந்த பதிப்பு எதுவென்று கேட்டால் பலர் இன்றும் அதைத்தான் சொல்வார்கள்.

பெட்டிக்கடைக்கு ஏற்ற இயந்திரம்

யப்பானில் முதல் பதிப்புக்கே பெரும் வரவேற்பு. நாணய விளையாட்டுகளுக்கான 'கேமெஸ்ட்' சஞ்சிகையின் 1994 ஆம் ஆண்டுக்கான விருதுகளில் அதுவே முதலிடம் பெற்றது. ஆனால் விளையாட்டை உலகெங்கும் கொண்டுபோனது விருது அல்ல, அது ஓடிய இயந்திரம்.

எஸ்.என்.கே 1990 இல் அறிமுகப்படுத்திய 'நியோ ஜியோ எம்.வி.எஸ்' என்ற பொறிக்கு விளையாட்டுகள் பேழைகளாக வந்தன. புதிய விளையாட்டு வேண்டுமென்றால் கடைக்காரர் இயந்திரத்தை மாற்றத் தேவையில்லை, பேழையை மாற்றினால் போதும். சில வகை இயந்திரங்களில் ஒரே நேரத்தில் 6 பேழைகள் வரை செருகலாம். அதே பொறியின் வீட்டுப் பதிப்பு அமெரிக்காவில் 650 டொலருக்கு விற்கப்பட்டது. வசதி படைத்தவர் வீட்டில் வைத்து ஆடினார். மற்றவர் தெருமுனைக் கடையில் நாணயம் போட்டு ஆடினார். 1994 தொடக்கம் 2003 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்த பத்துப் பதிப்புகளும் இந்த ஒரே பொறியில் ஓடியவை.

மெக்சிக்கோவின் மளிகைக் கடைகள், பிறேசிலின் மதுக்கடைகள், சீனாவின் விளையாட்டுக் கூடங்கள், கொரியா, ஹொங்கொங் என்று அது பரவியது இப்படித்தான். ஒரு நாணயத்துக்கு மூன்று ஆட்கள் என்பது சட்டைப்பையில் காசு குறைந்த பிள்ளைக்குச் சின்ன விடயமல்ல. கள்ளப் பிரதிகளும் தாராளமாகப் புழங்கின. யாரோ திருத்தி விற்ற '2002 மஜிக் பிளஸ்' போன்றவற்றைத்தான் பல ஊர்களில் பிள்ளைகள் அசல் என்று நினைத்து ஆடினார்கள்.

வெருகலில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு அந்த நாணயக் காலம் வாய்க்கவில்லை. அந்த ஆண்டுகளில் இங்கே யுத்தம். 2006 இல் ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சனம் எல்லாம் வாகரை ஊடாக மட்டக்களப்புக்கு இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் 1997 பதிப்பை மூதூரில் ஒரு கணினிக் கடையில் பார்த்தேன். பழைய இயந்திரத்தைப் போலக் கணினியை நடிக்க வைக்கும் எமுலேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலக் காசை மூன்று பேர் சேர்ந்து கொடுப்போம். ஆளுக்கு ஒரு வீரன். தன் வீரன் விழுந்தால் கதிரையை விட்டு எழும்பி மற்றவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். மூவர் அணி என்ற யோசனையின் அருமை எனக்கு விளங்கியது அந்தக் கதிரையில்தான்.

கைமாறிய உரிமை

2001 ஒக்டோபரில் எஸ்.என்.கே வங்குரோத்தானது. அதன் நிறுவுநர் எய்க்கிச்சி கவசாக்கி தொடங்கியிருந்த பிளேமோர் என்ற நிறுவனம் உரிமைகளை மீட்டெடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் 2001, 2002 பதிப்புகள் வெளிவரக் கைகொடுத்தது கொரியாவின் இயோலித் நிறுவனம். 2001 பதிப்பில் மே லீ என்ற கொரியப் பெண் கொரிய அணியில் புதிதாக இணைந்தாள்.

அதன்பின் ஏற்ற இறக்கம். எல்லாவற்றையும் புதிதாக வரைந்து 2009 இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு, 'அரைகுறை' என்ற விமர்சனத்தைச் சந்தித்தது. அடுத்த பதிப்பு அதே ஓவியப் பாணியை முழுமையாக்கி மரியாதையை மீட்டது. 2012 இல் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ போட்டியின் இறுதியாட்டத்தில் கொரியாவின் 'மேட் கே.ஓ.எஃப்', மெக்சிக்கோவின் 'பாலா'வை வென்றார். 2014 இல் அதே பட்டத்தை வென்றவர் சீனாவின் 'சியாவ்ஹாய்'. அவர் 97, 98 பதிப்புகளில் கைதேறி வளர்ந்தவர். தெருமுனைக் கடைகள் எங்கே இருந்தனவோ அங்கேயிருந்துதான் வீரர்களும் வந்தார்கள்.

2015 இல் கவசாக்கி குடும்பத்தின் 81.25 வீதப் பங்குகளை சீன முதலீட்டாளர்கள் 63.5 மில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். 2016 இல் வந்த பதினான்காம் பதிப்பில் மெக்சிக்கோ அணி மறுபடி வந்தது. இம்முறை அதில் மெக்சிக்கோ மல்யுத்தக்காரன் ரமோன் இருந்தான். முதல் பதிப்பில் இரவலாக எடுத்த பெயருக்கு உரிய ஆள் கிடைக்க 22 ஆண்டுகள் சென்றன.

சவூதி அரேபியாவில் நடந்த வடிவமைப்புப் போட்டியில் தெரிவான நஜ்த் என்ற பெண் வீரர் 2018 இல் அதே பதிப்பில் சேர்க்கப்பட்டார். 2020 இல் சவூதியின் மிஸ்க் அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனம் எஸ்.என்.கேயின் மூன்றிலொரு பங்கை வாங்கியது. 2022 இல் அது 96 வீதத்தைத் தாண்டியது. மிஸ்கின் தலைவர் முடிக்குரிய இளவரசர் முகமது பின் சல்மான். மனித உரிமைக் குற்றச்சாட்டுகளை விளையாட்டால் மறைக்கும் முயற்சி இது என்று விமர்சனம் எழுந்தது. 2022 பெப்ரவரியில் பதினைந்தாம் பதிப்பு நல்ல வரவேற்புடன் வெளிவந்தபோதும் அந்த விமர்சனம் ஓயவில்லை. 2025 ஏப்ரலில் வந்த புதிய 'ஃபேட்டல் ஃபியூரி'யில், சவூதிக் கழகத்துக்கு ஆடும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் ஒரு சண்டை வீரராக நின்றபோது, பல ஆண்டு இரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

யாருக்கு இடம்?

ஒரு கலப்பு விளையாட்டில் யார் சேர்க்கப்படுகிறார் என்பது படைப்பாளரின் ஆசை மட்டும் அல்ல. கெப்கொமின் 'மார்வெல் வெர்சஸ் கெப்கொம் 2' உரிம ஒப்பந்தச் சிக்கலில் 2013 இன் இறுதியில் இணையக் கடைகளிலிருந்து காணாமற்போய், 2024 இல்தான் திரும்பி வந்தது. தன்னுடைய பாத்திரங்களையே வைத்துத் தொடங்கியதால் 'கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ்' அந்த ஆபத்திலிருந்து தப்பியது. ஆனால் அதன் அணிகளின் வரலாறு ஒரு கணக்குப் புத்தகமாகவே எனக்குத் தெரிகிறது. நாணயம் போட்ட நாடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பிறகு பங்கு வாங்கிய நாடு வந்தது.

முதல் பதிப்பின் எட்டு அணிகளில் தென்னாசியா இல்லை. எமுலேட்டரில் ஆடியவர்களின் காசு ஒசாகாவின் ஏட்டில் ஒருநாளும் விழுந்ததில்லை, அது நியாயம்தான். இருந்தாலும் நிறுவனம் விழுந்து கிடந்த ஆண்டுகளில் கியோவையும் இயோரியையும் மறக்காமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர்களில் அப்படிப்பட்ட கடைகளில் ஆடியவர்களும் அடங்குவார்கள். இன்று வெருகல் ஆற்றங்கரையில் கைத்தொலைபேசியில் 97 பதிப்பை ஆடும் பிள்ளைகளுக்கு அந்த நிறுவனம் யாருடையது என்பது தெரியாது. கடைசி ஆளாக யாரை வைப்பது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.