பத்து ரூபாயும் ஒரு பைசாவும்

தமிழில் தலித் எழுத்து 1990களில் பிறந்தது, அதுவும் மராத்தியிலிருந்து இறக்குமதியானது என்று இன்னும் வகுப்பெடுக்கிறார்கள். சொல்லிட்டுப் போகட்டும்னு விட முடியவில்லை. எழுத வருகிற நம்ம பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே, ‘எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினா போடுவாங்க?’ என்பதுதான். நமக்கு முன்னால் ஒருத்தரும் இந்த வழியில் நடக்கவில்லை என்ற நினைப்பிலிருந்து வருகிற கேள்வி அது. நூறு வருஷத்துக்கு முன்னால் நம்மவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. காகிதம் என்ன விலை, யார் அச்சடிப்பார்கள், யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டார்கள். எழுத்தாளனுக்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். நாலு பக்கம். அச்சுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து ஆன செலவு பத்து ரூபாய். சென்னையில் இரண்டே நாளில் சுமார் நானூறு பிரதிகள் விற்றுப்போயின. எந்தச் சொல்லால் ஊர் அடித்ததோ அந்தச் சொல்லையே தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகை, அந்தக் காலத்தில், நானூறு! மூன்று மாதத்தில் அது வாரப் பத்திரிகை ஆனது. இரண்டு வருஷத்தில் சொந்த அச்சுக்கூடமும் வந்துவிட்டது. இதையெல்லாம் 1939இல் வெளியிட்ட தன் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் சீனிவாசனாரே கணக்குப் பிள்ளை மாதிரி எழுதி வைத்திருக்கிறார். கணக்கு வேலை பார்த்தவர்தானே.

பத்திரிகை தொடங்கிய மூன்றாம் மாதமே, 1893 டிசம்பர் 23ஆம் தேதி, சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நேரம். இங்கே நடத்தினால் கலெக்டர் நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்பது நம்மாளுக்குத் தெரியாதா? எதிர்த்து மனுப் போட்டார்கள். 112 அடி நீளம், 3,412 கையெழுத்து. அந்த மனுவையும் அந்தப் பத்திரிகையையும் என்னால் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. வாசகரைத் திரட்டுவதும் சனங்களைத் திரட்டுவதும் அன்றைக்கு ஒரே வேலை. அதற்கு விலையும் உண்டு. பத்திரிகையில் வந்த எழுத்துக்காக 1896இல் வழக்கு வந்து, நூறு ரூபாய் அபராதம் கட்டினார். பத்து ரூபாயில் தொடங்கிய பத்திரிகைக்கு நூறு ரூபாய் அபராதம்! அதற்குப் பிறகும் நடத்தினார். 1900இல் அவர் கடல் கடந்து போகிறவரைக்கும் பத்திரிகை வந்தது.

அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தத் தலைப்பு பிடிக்கவில்லை. எதிரி ஒட்டிய பெயரை நாம ஏன் சுமக்கணும் என்பது அவர் வாதம். இந்தச் சண்டை இன்னும் நமக்குள்ளே தீரவில்லை. தீரவேண்டிய அவசியமும் இல்லை. பண்டிதர் சித்த வைத்தியர். வைத்தியம் அவருக்குச் சொந்தத் தொழில். எழுத்துக்காக எந்த மடத்துக்கும் ஜமீனுக்கும் போய்க் கைகட்டி நிற்கவேண்டிய நிலை அவருக்கு இல்லை. அவர் பேனாவில் இருந்த திமிருக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. நாலு பக்கம், காலணா. விலையையே பெயராக வைத்ததில் ஒரு தந்திரம் இருக்கிறது: இதை வாங்க உன்னால முடியும் என்று கூலிக்காரனுக்குப் பெயரிலேயே சொல்லியாச்சு. அடுத்த வருஷம் ‘ஒரு பைசா’ போய் ‘தமிழன்’ மட்டும் நின்றது. 1914 மே மாதம் அவர் சாகும்வரை, ஏழு வருஷம், வாராவாரம் எழுதினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ போன்றவை தொடராக வந்தவை. புத்தகம் எழுதிவிட்டு வாசகனைத் தேடவில்லை. வாசகனுக்கு முன்னால் உட்கார்ந்து வாரம் ஒரு துண்டாக எழுதினார். கேள்வி வந்தது, பதில் போட்டார். திட்டு வந்தது, திருப்பித் திட்டினார். கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதைப் படித்தார்கள்.

அவர் போன பிறகு என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் நடத்தினார். பிறகு நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக, தங்கவயலிலிருந்து மறுபடி வந்தது. மாரிக்குப்பத்தில் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாகப் போட்டது. பூமிக்கடியில் இறங்கித் தங்கம் வெட்டியவனின் கூலியில் அச்சான புத்தகங்கள். அதே காலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு எழுதிய பேராசிரியப் பெருமக்கள் புத்தகங்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்ட பிறகுதான் ‘ஆஹா’ என்றார்கள். தொகுக்க ஏதோ மிஞ்சியிருந்தது என்றால், எங்கோ சில வீடுகளில் அந்தக் காகிதங்களைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோதும் கதை அதிகம் மாறவில்லை. போட்டது பெரிய வணிகப் பதிப்பகமில்லை. மதுரையின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். ‘சங்கதி’யையும் 1994இல் அதுவே வெளியிட்டது. ‘கருக்கு’ ஆங்கிலத்தில் போய் 2000இல் கிராஸ்வேர்டு விருது வாங்கியதெல்லாம் பின்னால் நடந்தது. பெரிய பதிப்பகத்துக்கே போகாதே என்று நான் சொல்லமாட்டேன். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியிட்டதுதான். அவர் 2020க்கான சாகித்திய அகாதெமி விருதுவரை போனார். ஆனா அந்தக் கதவு திறக்கட்டும்னு கையில பிரதியை வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா வாசலில் நிற்கிறவங்களை நான் பார்க்கிறேன். நானூறு பேரை முதலில் தேடுங்கள் என்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த நானூறு பேர்.

தங்கவயல் சுரங்கங்களை 2001இல் மூடிவிட்டார்கள். குடும்பங்கள் பல பெங்களூருக்கும் வேறு ஊர்களுக்கும் பிழைக்கப் போய்விட்டன. உங்களுக்கு அந்தப் பக்கம் மாமன், அத்தை, பெரியப்பன் யாராவது இருந்தால், அவர்கள் வீட்டுத் தகரப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒரு தடவை அடிவரைக்கும் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.