மகாவலியைக் கடந்த தண்டவாளங்கள்: பேராதனை, கட்டுகஸ்தோட்டை, மன்னம்பிட்டி

மகாவலி கங்கை கண்டி நகரத்துக்குள் நுழைவதில்லை. தெற்கிலிருந்து பேராதனைக்கு வந்து, வடக்கே கட்டுகஸ்தோட்டையில் வளைந்து, பொல்கொல்ல வழியாகக் கிழக்கே திரும்பிப் போய்விடுகிறது. நகரத்துக்கு மூன்று பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஹந்தானை மலை. கண்டி இராச்சியம் அவ்வளவு காலம் பிடிபடாமல் இருந்ததற்கு இந்த வளைவும் ஒரு காரணம். கண்டியிலிருந்து மடவளைக்குப் போகிறவர் எந்த வழியால் போனாலும் இந்த ஆற்றைக் கடந்தாக வேண்டும். மாத்தளை ரயிலில் போனால் கட்டுகஸ்தோட்டையில் இரும்புப் பாலத்தைத் தாண்டி, உடதலவின்ன நிலையத்தில் இறங்கலாம்.

மடவளைப் பக்கம் வேலையாகப் போய்வந்த நாட்களில் அந்தப் பாலத்தைப் பலமுறை பார்த்தேன். அதன் வரலாற்றைத் தேடினால் ஆளுநர்கள், பொறியியலாளர்கள், ஒப்பந்தக்காரர்கள் எனப் பெயர்கள் வருகின்றன. கல் சுமந்தவர்களுக்கும் ஆற்றுக்குள் இறங்கி அத்திவாரம் தோண்டியவர்களுக்கும் பெயர் இல்லை. இந்த ஆற்றின் ரயில் பாலங்களைப் பற்றி அறிந்தவற்றை, அந்தக் குறையையும் சேர்த்து, இங்கே தருகிறேன்.

பாலம் இல்லாத ஆறு

கண்டி அரசர்களின் காலத்தில் ஆற்றைக் கடக்கத் தோணித்துறைகளே இருந்தன. அது எத்தனை பெரிய காவல் என்பதை 1803 ஜூன் மாதம் காட்டியது. அந்த ஆண்டு ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, நாயக்க அரச குடும்பத்தைச் சேர்ந்த முத்துசாமி என்பவரை அரசராக இருத்தினார்கள். படைக்குள் காய்ச்சல் பரவியது. ஜூன் 24ஆம் திகதி மேஜர் டேவி சரணடைந்து, எஞ்சிய படையோடு திருகோணமலைப் பக்கம் புறப்பட்டார். வட்டபுளுவவில் ஆறு பெருகி ஓடியது. தோணி கிடைக்கவில்லை. கரையில் காத்திருந்த படையிடம் முத்துசாமியை ஒப்படைக்கும்படி கேட்கப்பட்டது. ஒப்படைத்தார்கள்; அவர் கொல்லப்பட்டார். அதன்பின் படையினரில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள்.

ஜூன் மாதத்தில் ஆறு பெருகுவது தற்செயல் அல்ல. தென்மேற்குப் பருவமழை ஹற்றன், நாவலப்பிட்டி மலைகளில் கொட்டும் காலம் அது. பிற்காலத்தில் இங்கே பாலம் கட்ட வந்த எல்லாப் பொறியியலாளர்களும் முதலில் கணக்கிட வேண்டியிருந்தது இந்த வெள்ளத்தைத்தான்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமான பின்னர் வீதிகள் வந்தன. 1833இல் பேராதனையில் முதிரை மரத்தால் ஒரு வீதிப் பாலம் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் கேணல் ஜோன் பிரேசர். 205 அடி நீளமான ஒரே வளைவு. நடு ஆற்றில் தூண் கிடையாது. எழுபது ஆண்டுக்கு மேல் நின்று, 1905இல் அது அகற்றப்பட்டது. முதிரை நம் வன்னிக் காடுகளிலும் வளரும் மரம். அதன் பாரமும் உறுதியும் வன்னி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோப்பிக்காக வந்த இரும்பு

ரயில் பாலங்கள் மக்கள் போக்குவரத்தை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. கோப்பி மூடைகள் மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறங்க நாட்கணக்கானது. மழைக்காலத்தில் வண்டிகள் புதைந்தன. தோட்டத்துரைமார் ரயில் கேட்டு நெருக்கினார்கள். 1858இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். கொழும்பு - கண்டிப் பாதையின் ஒப்பந்தக்காரர் பேவியல், பொறியியலாளர் மோல்ஸ்வர்த். 1867இல் பாதை கண்டியை எட்டியது. கொழும்பு ஆற்றின் இடது கரைப் பக்கம், கண்டி வலது கரையில். ஆகவே பேராதனையில் மகாவலியைத் தாண்டாமல் கண்டிக்கு வர முடியாது. இந்த ஆற்றின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

1874இல் பேராதனைச் சந்தியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் பாதை பிரிந்தது. 1880 ஒக்டோபரில் கண்டியிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 28 கிலோமீற்றர் பாதை திறக்கப்பட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலமும், உடதலவின்ன, வத்தேகம, உக்குவளை ஊர்களை இணைக்கும் தண்டவாளமும் இந்தப் பாதையைச் சேர்ந்தவை. ஆனால் யாருக்காக இந்தப் பாதை போடப்பட்டதோ அந்தக் கோப்பி அப்போதே செத்துக்கொண்டிருந்தது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது. பிறகு இதே பாலங்கள் தேயிலையையும் கொக்கோவையும் சுமந்தன.

மாத்தளைப் பாதைக்கு இன்னொரு முன்கதை உண்டு. ரயில் வருவதற்கு முன், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர்கள் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடைப் பயணத்தின் நினைவோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. ரயில் பாதை வேலைக்கும் தென்னிந்தியத் தொழிலாளர்களே பெருமளவில் அமர்த்தப்பட்டார்கள். கடுகண்ணாவை மலையைக் குடைந்தபோது காய்ச்சலும் வாந்திபேதியும் பலரைக் கொண்டுபோயின. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஒரு ரயில் பாலம் எப்படி நிற்கிறது

இரும்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் முறியும். 1847இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகருக்குப் பக்கத்தில், டீ ஆற்றின் மேல் இருந்த வார்ப்பிரும்பு உத்தரம் ரயில் போகும்போதே முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பின்னர், அடித்துப் பதமாக்கிய இரும்பின் பக்கம் பொறியியலாளர்கள் திரும்பினார்கள். 1879 டிசெம்பர் 28 இரவு ஸ்கொட்லாந்தின் டே பாலம் புயலில் சரிந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் தப்பவில்லை. காற்றின் விசையைச் சரியாகக் கணக்கிடாதது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மாத்தளைப் பாதை திறக்க அப்போது பத்து மாதம்கூட இருக்கவில்லை.

இலங்கைக்குத் தேவையான தண்டவாளமும் உத்தரங்களும் கப்பலில் வந்தன. இங்கே கற்தூண்களை எழுப்பி, உத்தரங்களை அவற்றின் மேல் ஏற்றி, பழுக்கக் காய்ச்சிய தறையாணிகளை அடித்து இணைத்தார்கள். உத்தரத்தைத் தூணோடு இறுக்கிக் கட்டிவிடுவதில்லை. வெயிலில் இரும்பு நீளும். 30 மீற்றர் உத்தரம் 20 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளும். அதற்கு இடம் கொடுக்க ஒரு முனையை நகரவிடுவார்கள். பாலத்துக்கு மிகப் பெரிய ஆபத்து மேலே ஓடும் ரயில் அல்ல. தூணின் அடியில் வெள்ளம் மணலை அரித்துக்கொண்டு போவதுதான். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இன்று காண்பதெல்லாம் முதல் நாள் வைத்த இரும்பு என்று எண்ணிவிடக் கூடாது. எஞ்சின்கள் பாரம் கூடக் கூட உத்தரங்களை மாற்றுவது எந்த ரயில்வேயிலும் வழக்கம்.

திரைப்படம் மறந்த தமிழர்

ரயில் பாலம் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது 1957இல் வெளியான, குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம். அதன் பாலம் மேற்கே ஓடும் களனி கங்கையில், கித்துல்கலவில் கட்டி வெடிக்கப்பட்டது. சில காட்சிகள் பேராதனைப் பூங்காவில் எடுக்கப்பட்டன. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் வந்து இருந்ததும் இதே பூங்காவில்தான்.

படத்தில் ஆங்கிலேயப் போர்க் கைதிகள் இருக்கிறார்கள். உண்மையான சயாம் - பர்மா ரயில் பாதையில் 60,000க்கு மேற்பட்ட போர்க் கைதிகளோடு அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் உழைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. இறந்த கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களைவிட அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கோ சரியான கணக்குக்கூட இல்லை. கடுகண்ணாவையில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

ஆறு கிழக்கே போகிறது

மடவளைக்குப் பக்கத்தில் 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்ல அணை, மகாவலியின் ஒரு பகுதியை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்புகிறது. மற்ற நீர் கிழக்கே போய், மன்னம்பிட்டியில் மீண்டும் ஒரு ரயில் பாலத்தின் கீழ் ஓடுகிறது. 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் போனது அவ்வழியாலேயே. மட்டக்களப்பு மக்களுக்கு அந்த இரும்புப் பாலத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ரயிலும் வாகனங்களும் ஒரே பாலத்தில் மாறி மாறிப் போன இடம் அது. போர்க்காலத்தில் அதைத் தாண்டுவது ஒரு பயணத்தின் பாதிக் கவலை. ஜப்பானிய உதவியில் கட்டிய புதிய வீதிப் பாலம் 2007இல் திறக்கப்பட்ட பிறகே பழையது ரயிலுக்கு மட்டும் என்றானது.

அதற்கும் கீழே மகாவலியிலிருந்து வெருகல் ஆறு பிரிகிறது, அதிலிருந்து மாவிலாறு. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவில் தொடங்கிய சண்டை எங்கே போய் முடிந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழ் ஓடுவதும் அதே ஆற்று நீர்தான்.

வடக்கில் கதை வேறு. 1905இல் யாழ்ப்பாணம் வரை முழுமையடைந்த பாதையில் 1990இல் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரிலும், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13ஆம் திகதியும், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் ரயில் திரும்ப வந்தது. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையை மீளமைத்தது. திறப்பு விழாக்களில் யார் நாடா வெட்டினார்கள் என்பது எல்லாச் செய்திகளிலும் இருக்கிறது.

1867க்கும் 1880க்கும் உழைத்தவர்களிடம் இனி நாம் கேட்க முடியாது. ஆனால் 1990வரை வடக்குப் பாதையில் வேலை செய்த நிலைய அதிபர்களிலும் கடவைக் காவலர்களிலும் தண்டவாளத் தொழிலாளர்களிலும் பலர் இன்னும் இருக்கிறார்கள். கூலிக்குப் போய்ப் புதிய பாதையைப் போட்டவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். பதுங்குகுழிக்குச் சிலிப்பர் கட்டை சுமந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், எந்த ஆண்டு, எந்த நிலையம், எந்தப் பாலம், கூட வேலை செய்தவர்கள் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய சேவைப் புத்தகமோ படமோ இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த தலைமுறை தேடும்போது நாடா வெட்டியவரின் பெயர் மட்டும் கிடைக்கக் கூடாது.