ஆளுக்கொரு கோல்

இந்திய இளையோர் கால்பந்து பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வருவது ஜீக்சன் சிங்கின் கோல்தான். 2017 அக்டோபர் 9, டெல்லி நேரு அரங்கம், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தின் 82ஆவது நிமிடம். சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை ஜீக்சன் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அது. அதற்கடுத்த ஆண்டு மலேசியாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில், வியட்நாமுக்கு எதிராக 86ஆவது நிமிடத்தில் விக்ரம் பிரதாப் சிங் அடித்த பெனால்டியை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. அந்தந்தத் தொடரில் இரண்டு அணிகளும் போட்டது அந்த ஒரு கோல் மட்டுமே. வாங்கிய கோல்களில்தான் வித்தியாசம். உலகக் கோப்பை அணி மூன்று ஆட்டங்களில் ஒன்பது வாங்கியது. மலேசியா போன அணி நான்கு ஆட்டங்களில் ஒன்றே ஒன்று வாங்கியது.

ஒன்பதையும் ஒன்றையும் அப்படியே தராசில் வைப்பது நியாயமில்லை. 2017 அணி அமெரிக்கா, கொலம்பியா, கானா ஆகியவற்றைச் சந்தித்தது. பின்னது ஆசிய அணிகளோடு மட்டும் மோதியது. சரியாக ஒப்பிட வேண்டுமானால், 2000இல் பிறந்த பையன்கள் 2016இல் கோவாவில் ஆடிய ஆசியப் போட்டியையும், 2002இல் பிறந்தவர்கள் 2018இல் மலேசியாவில் ஆடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அதே வயதுப் பிரிவு, அதே கோப்பை.

கோவாவில் இந்தியா போட்டியை நடத்திய நாடு என்பதால் இடம் தானாகக் கிடைத்தது. ஐக்கிய அரபு அமீரகத்திடம் 2-3 தோல்வி, சவூதி அரேபியாவோடு 3-3 சமன், ஈரானிடம் 0-3 தோல்வி. ஐந்து போட்டு ஒன்பது வாங்கி, முதல் சுற்றோடு வெளியே வந்தார்கள். மலேசியாவுக்குப் போன அணியோ 2017 செப்டம்பரில் காத்மாண்டுவில் தகுதிச் சுற்று ஆடி, பாலஸ்தீனம், நேபாளம், இராக் இருந்த பிரிவில் தோல்வியே இல்லாமல் மேலே வந்தது. நாடு முழுக்க டெல்லியில் தொடங்கவிருந்த உலகக் கோப்பையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. பக்கத்து நாட்டில் ஆடிய தம்பிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மலேசியாவில் அந்தத் தம்பிகள் வியட்நாமை 1-0 என வென்றார்கள்; ஈரானோடும் இந்தோனேசியாவோடும் 0-0. இரண்டே வருடத்தில் ஈரானிடம் மூன்று வாங்கிய வயதுப் பிரிவு, அதே ஈரானுக்குக் கதவை முழுதாக அடைத்தது. 2002க்குப் பிறகு முதல் முறையாகக் காலிறுதி. அங்கே எதிரே தென்கொரியா. வென்றால் 2019 உலகக் கோப்பையில் இடம், அதுவும் யாரும் தூக்கிக் கொடுக்காத இடம். கோல்கீப்பர் நீரஜ் குமார் அடுக்கடுக்காக வந்த அடிகளைத் தடுத்துக்கொண்டே இருந்தார். 68ஆவது நிமிடத்தில் அவர் தட்டிவிட்ட பந்து ஜியோங் சாங்-பின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. 0-1. இந்தியாவின் இளையோர் அணி எதுவும் இவ்வளவு அருகில் போய்ச் சொந்தக் காலில் உலகக் கோப்பையைத் தொட்டதில்லை என்பது என் கணிப்பு.

இந்த வேறுபாட்டுக்குப் பயிற்சியாளர்களைக் காரணம் சொல்வது எளிது. முதல் அணியை 2015 முதல் ஜெர்மனிக்காரர் நிக்கோலாய் ஆடம் வளர்த்தார். உலகக் கோப்பைக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது அவர் விலக, போர்ச்சுகலின் லூயிஸ் நார்டன் டி மாட்டோஸ் வந்தார். இரண்டாவது அணி கோவாவைச் சேர்ந்த பிபியானோ பெர்னாண்டஸ் கையில் இருந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. முதல் அணிக்கு ஐரோப்பியப் பயணங்களும் நீண்ட முகாம்களும் கிடைத்தன. தோற்றால் வீடு என்ற ஆட்டம் மட்டும் கிடைக்கவில்லை. நட்பு ஆட்டங்களின் வெற்றி எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு 2017 மே மாதமே சாட்சி. இத்தாலியை 2-0 என்று வீழ்த்திவிட்டதாக நாடே கொண்டாடியது; எதிரே ஆடியது இத்தாலியின் தேசிய அணியே அல்ல என்று பிறகு தெரிந்தது. பிபியானோவின் பையன்கள் 2018 ஆகஸ்டில் ஜோர்டானில் 1-0 என்று வென்ற இராக், அப்போதைய ஆசியச் சாம்பியன்.

அதற்காக 2017 அணியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கொலம்பியாவுக்கு எதிராக ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஜீக்சன் சமன்செய்த மறு நிமிடமே ஹுவான் பெனலோசா தன் இரண்டாவது கோலைப் போட்டார். மகிழ்ச்சியில் ஒரு நிமிடம் கவனம் சிதறியதற்கான விலை அது. தோற்றாலும் அந்த அணி முன்னேறி ஆடத் துணிந்தது. பிபியானோவின் அணி தடுப்பில் இரும்பு. முன்னால் போய் கோல் போடுவதில் பஞ்சம். நான்கு ஆட்டத்தில் ஒரு பெனால்டி மட்டும் என்றால், காலிறுதியைத் தாண்ட முடியாமல் போனதற்கு அதிர்ஷ்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

புனேயின் ஹிஞ்சேவாடியில் வாழும் எனக்கு இந்த ஒப்பீட்டில் ஒரு ஊர்ப் பாசமும் உண்டு. 2017 அணியின் முன்கள வீரர் அனிகேத் ஜாதவ் கோலாப்பூர்க்காரர். அவர் வளர்ந்தது புனேயில்: முதலில் மாநில அரசின் கிரீடா பிரபோதினி, பிறகு புனே எஃப்.சி. அகாடமி. இங்கே ஐ.டி. பூங்காவிலிருந்து வாக்கட் வழியாக நெடுஞ்சாலையைத் தாண்டினால் பாலேவாடி விளையாட்டு வளாகம் வந்துவிடும். புனே எஃப்.சி. 2012-13 ஐ-லீக்கில் இரண்டாம் இடம் பிடித்த கிளப். 2015க்குப் பிறகு அது ஐ-லீக்கில் இல்லை. அகாடமியை எடுத்துக்கொண்ட எஃப்.சி. புனே சிட்டியும் 2019இல் கலைந்தது. இன்று ஹிஞ்சேவாடியைச் சுற்றி வாடகை டர்ஃப்களுக்குக் குறைவில்லை. இரவு பத்து மணிக்கும் விளக்கு எரியும், ஷிஃப்ட் முடித்த தமிழ்ப் பையன்களும் மலையாளிகளும் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு கோலாப்பூர்ப் பையன் வந்து சேர்ந்து, பதினேழில் உலகக் கோப்பைக்குப் போகக்கூடிய ஏணியில் மேல்படிகள் கழன்றுவிட்டன. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அந்த ஏணி எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு அணிகளின் பிற்காலமே காட்டுகிறது. உலகக் கோப்பை முடிந்த கையோடு 2017 பையன்களை வைத்து இந்தியன் ஆரோஸ் அணி ஐ-லீக்கில் இறக்கப்பட்டது. முதல் ஆட்டமே நம் சென்னை சிட்டிக்கு எதிராக. 3-0 என்று ஆரோஸ் வென்றது, இரண்டு கோல் அனிகேத்துடையது. பெரியவர்களோடு வாரா வாரம் மோதியது அவர்களைத் தேற்றியது. ஜீக்சன், சுரேஷ் சிங் வாங்ஜம், கேப்டன் அமர்ஜித், இதயக் கோளாறு என்று மருத்துவர்கள் தடுத்தும் களத்துக்குத் திரும்பிய அன்வர் அலி, சென்னையின் எஃப்.சி.யில் ஆடிய ரஹீம் அலி என்று ஒரு வரிசையே மூத்தோர் தேசிய அணிக்குப் போனது. பதிவேட்டில் மேலான 2018 அணியிலிருந்து அப்படி ஒரு வரிசை எழவில்லை. விக்ரம் பிரதாப் 2024இல்தான் மூத்தோர் அணியில் இடம் பெற்றார். அவர்களிலும் சிலர் ஆரோஸில் ஆடினார்கள்தான். ஆனால் நடுவில் கொரோனா வந்து இளையோர் போட்டிகளையே நிறுத்தியது, 2022இல் ஆரோஸும் மூடப்பட்டது. நன்றாக ஆடிய அணிக்கு நல்ல பின்பலம் கிடைக்காமல் போனது.

ஈரானை ஓர் அளவுகோலாக வைத்தால் கதை இன்னும் பின்னே போகும். 1974இல் பாங்காக்கில் ஷபீர் அலி தலைமையிலான இந்திய இளையோர் அணி, ஆசிய இறுதியில் ஈரானோடு 2-2 சமன்செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. பிறகு கோவாவில் 0-3, மலேசியாவில் 0-0. 2025 நவம்பரில் அகமதாபாத்தில் பிபியானோவின் இன்னொரு 17 வயதுக்குட்பட்டோர் அணி ஈரானை 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இப்போது அந்த வயதினரின் உலகக் கோப்பையில் 48 அணிகள். ஆசியாவில் காலிறுதிக்கு வந்தாலே இடம் உண்டு. நீரஜ் குமாரின் அணி 2018இல் எட்டிப் பிடித்ததும் அதே காலிறுதிதான்.